சேலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

இணையத்தில் 'சேலம் டு சான் பிரான்சிஸ்கோ' என்று தட்டினால் உடனே ஓர் எண் வந்து நிற்கும். 14,100 கிலோமீட்டர் சொச்சம், விமானத்தில் பதினாறரை அல்லது பதினேழு மணி நேரம். எண் தப்பில்லை. ஆனால் அதை நம்பி ஹஸ்தம்பட்டியில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பயணம் திட்டமிட முடியாது. சேலத்திலிருந்து அந்த ஊருக்கு விமானமே இல்லை. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளம்தான். ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த சின்ன விமானத்துக்கு அது போதும். 14,000 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழும் விமானத்துக்குப் போதாது. பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் இருக்கும் இரண்டு ஓடுபாதைகளும் தலா 4,000 மீட்டர் என்பதை வைத்து வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இணையம் சொல்லும் தூரம் வேறு, விமானம் பறக்கும் தூரம் வேறு, டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு, வீட்டைப் பூட்டியதிலிருந்து மகன் வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் வேறு. ஒவ்வொன்றையும் எப்படிக் கணக்கிடுவது என்று பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலையில் இருக்கிறார்கள். வேறு ஊருக்கும் முறை இதேதான்.

முதலில் நேர்த்தூரம்

சேலத்திலிருந்து ஏற்காடு எவ்வளவு தூரம்? இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்தால் சுமார் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் நேராகக் கோடு போட்டால் 15 தான் வரும். இணையத்தில் 'தூரம்' என்று போட்டிருந்தால் அது இந்த இரண்டில் எது என்று முதலில் பாருங்கள். விமானத் தூரம் என்று கொடுப்பது பெரும்பாலும் நேர்த்தூரம்தான்.

பூமி உருண்டை என்பதால் இந்த நேர்த்தூரமும் தட்டையான கோடு இல்லை, உருண்டையின் மேல் போகும் வளைவு. அதை அளக்க எளிய வழி கூகுள் எர்த். கணினியில் திறந்து, அளவுகோல் படத்தைச் சொடுக்கி, ஒரு முனையைச் சேலத்திலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வையுங்கள். கோடும் வந்துவிடும், கிலோமீட்டரும் வந்துவிடும். கூகுள் மேப்ஸிலும் வலது சொடுக்கில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது.

கையால் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு (வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் கொடுத்துப் பாருங்கள்) கணக்கு இதோ. சேலம் 11.65 டிகிரி வடக்கு, 78.15 டிகிரி கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.62 டிகிரி வடக்கு, 122.38 டிகிரி மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 200.53. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும்.

சைன் 11.65 × சைன் 37.62 = 0.123
காஸ் 11.65 × காஸ் 37.62 × காஸ் 200.53 = −0.726

இரண்டையும் கூட்டினால் −0.603. கால்குலேட்டரில் இதன் தலைகீழ் காஸ் எடுத்தால் 127.1 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 14,130 கிலோமீட்டர். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் சம்பந்தமே இல்லாத விடை வரும்.

விமானம் ஏறுவது பெங்களூரில் என்றால் 13.20, 77.71 என்று மாற்றிப் போடுங்கள். 14,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

அந்தக் கோடு எங்கே போகிறது?

இங்கேதான் பலருக்கு நம்பிக்கை வராது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் பார்த்தால், கிழக்கே ஜப்பான் வழியாகப் பசிபிக்கைத் தாண்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே அரேபியா, ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போக வேண்டும். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் நேராக வடக்கே ஏறுகிறது. நேபாளம், மேற்குச் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய் சுமார் 70 டிகிரி வடக்கைத் தொடுகிறது. ஆர்க்டிக் வட்டமே 66.5 டிகிரிதான். பிறகு அலாஸ்கா வழியாக இறங்கி, அமெரிக்கக் கடற்கரையை ஒட்டிச் சான் பிரான்சிஸ்கோ.

விமானி அந்த நூலின் மேலேயே பறப்பாரா என்றால், மாட்டார். திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் சில நிமிடங்களுக்குள் 3,000 மீட்டர் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பயணிகள் தலைக்கு மேல் விழும் முகமூடியில் ஆக்சிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். தரையே 4,500 மீட்டரில் இருக்கும்போது எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

அடுத்தது அரசியல். 2022 தொடக்கத்திலிருந்து ரஷ்ய வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இப்படி ஒவ்வொரு மூடலுக்கும் பாதை வளைகிறது, நேரம் கூடுகிறது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் ஒன்று என்ஜின் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக்கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 'அமெரிக்கா போன விமானம் ரஷ்யாவில் என்ன செய்தது?' என்று அப்போது பலர் கேட்டார்கள். நூலைப் பிடித்துப் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

நீங்கள் போகப்போகும் விமானம் உண்மையில் எந்தப் பாதையில் போகிறது என்று பார்க்க, ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமான எண்ணைப் போட்டு முந்தைய சில நாள்களின் பாதையைப் பாருங்கள். தினமும் கொஞ்சம் மாறும்.

தூரத்தை நேரமாக மாற்றுவது

பெரிய பயணிகள் விமானம் மேலே ஏறியபின் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்கும் என்பதால் சராசரியாக 850 என்று வைத்துக்கொள்ளலாம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதற்கும் வரிசையில் நிற்பதற்கும் அரை மணி நேரம் கூட்டுங்கள். பெங்களூரிலிருந்து நேராகப் போனால் 14,000 ÷ 850 = பதினாறரை, அரை மணி சேர்த்தால் 17 மணி நேரம். இணையம் சொன்ன எண் இப்படித்தான் வருகிறது.

ஆனால் வானத்தில் காற்று இருக்கிறது. பூமிக்கு 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் இன்னும் வேகம் கூடும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். முதுகில் அடித்தால் லாபம், முகத்தில் அடித்தால் நஷ்டம்.

எவ்வளவு லாபம் என்பதற்கு 2016 அக்டோபரில் ஏர் இந்தியா செய்ததைச் சொல்லலாம். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அதுவரை அட்லாண்டிக் வழியாக மேற்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பசிபிக் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி 15,300 ஆனது. நேரமோ பதினான்கரை மணியாகக் குறைந்தது. சராசரி போட்டுப் பார்த்தால் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. என்ஜின் மாறவில்லை, காற்று தள்ளியது.

இதை நம் டிக்கெட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். சேலத்துக்காரர்களுக்கு வசதியாக இருக்கும் இரண்டு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்.

துபாய் வழி: பெங்களூரு – துபாய் 2,700 கிலோமீட்டர், துபாய் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,000. மொத்தம் 15,700. இந்த இரண்டாவது கோடு விசித்திரமானது. கணக்குப்படி வட துருவத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. பாதி வழி வடக்கே, பாதி வழி தெற்கே என்பதால் காற்று முதுகில் அடிக்காது, பக்கவாட்டில்தான் அடிக்கும். ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும்.

சிங்கப்பூர் வழி: திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980, சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,580. மொத்தம் 16,560. பசிபிக்கின் மேல் கிழக்கே போவதால் நீண்ட கட்டம் 15 மணி நேர அளவிலேயே முடிந்துவிடும்.

அதாவது சிங்கப்பூரிலிருந்து போகும் விமானம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அதிகமாகப் பறந்தும் ஒரு மணி நேரம் முன்னால் சேர்கிறது. திரும்பி வரும்போது கதை தலைகீழ். சான் பிரான்சிஸ்கோ – சிங்கப்பூர் எதிர்க்காற்றில் 17 மணி நேரம்வரை போகும். துபாய் வழியில் போகவும் வரவும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ இடையே நிற்காமல் போகும் சேவையை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. முதல் விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, துருவப் பாதையில் பறந்து, 11 அதிகாலையில் பெங்களூரில் இறங்கினார்கள். இப்படிப்பட்ட சேவைகள் வரும், நிற்கும், மறுபடி வரும். நீங்கள் டிக்கெட் போடும் நாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் படிப்பது

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். கலிஃபோர்னியா நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுவரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் பன்னிரண்டரை. நாம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து நேரம் கணக்கிடுவதால்தான் அந்த அரை மணி ஒட்டிக்கொள்கிறது.

உதாரணமாக, மே மாதம். பெங்களூரில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி 17 மணி நேரம் பறந்தால் நம் கடிகாரப்படி மறுநாள் காலை 7. பன்னிரண்டரையைக் கழித்தால் அங்கே கிளம்பிய அதே நாள் மாலை 6:30. டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் நாலரை மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும்! திரும்பும்போது நாள் காணாமல் போகும். அங்கே வெள்ளி இரவு ஏறினால் இங்கே ஞாயிறு காலை. பெங்களூருக்கு வண்டி சொல்லும்போது கிழமையைத் தப்பாகச் சொல்லிவிடுவது இதனால்தான். தேதியோடு கிழமையையும் சேர்த்து டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

சேலத்திலிருந்து விமானம்வரை

இணையத்தில் யாரும் சொல்லாத பகுதி இது. ஆனால் ஆளை அலைக்கழிப்பது இதுதான்.

பெங்களூரு விமான நிலையம் சேலத்திலிருந்து சாலையில் சுமார் 240 கிலோமீட்டர். ஊருக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் நமக்கு எவ்வளவோ நல்லது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, பெங்களூருக்கு வடக்கே இருப்பதால் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று மொத்த நகரத்தையும் தாண்ட வேண்டும். ஓசூர்வரை இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அதற்கப்புறம் இருக்கும் தூரத்துக்கு அதிகாலை என்றால் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகும். சராசரியாக ஐந்து மணி நேரம் என்று போட்டு, பகலில் போவதாக இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர்களுக்குக் கோவை – பெங்களூரு வந்தே பாரத் சேலத்தில் நின்று தர்மபுரி, ஓசூர் வழியாக பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையம் போகிறது. அங்கிருந்து டாக்சி, அல்லது பெங்களூரு மாநகரப் பேருந்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்து. பெட்டி நாலு இருந்தால் ரயில் யோசனையை விட்டுவிடலாம்.

சென்னை மீனம்பாக்கத்துக்கு உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாக ஆறு மணி நேரப் பயணம். தூரம் கூடுதல் என்றாலும் விமான நிலையம் ஊருக்கு இந்தப் பக்கமே வந்துவிடுவது ஓர் ஆறுதல். விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கிக்கொண்டால் விமான நிலையம் பக்கம்தான்.

திருச்சி 140 கிலோமீட்டர்தான். நாமக்கல், முசிறி வழியாக மூன்று மணி நேரத்தில் உள்ளே நிற்கலாம். புது முனையம் 2024-இல் திறந்தபின் நெருக்கடியும் குறைந்துவிட்டது. சிங்கப்பூருக்கு அங்கிருந்து ஸ்கூட் விமானம் இருக்கிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம் என்பதால் இரண்டு கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்க முடியும். என்னைக் கேட்டால், வயதானவர்கள் தனியாகப் போவதாக இருந்தால் திருச்சியைத்தான் முதலில் பார்ப்பேன்.

காமலாபுரத்திலிருந்து 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. பெங்களூருக்கு வான்வழியில் 160 கிலோமீட்டர்தான். ஆனால் தனி டிக்கெட்டாக வாங்கி, அது தாமதமானால், அமெரிக்க விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரே டிக்கெட்டில் சேர்ந்து வந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாவிட்டால் முந்தைய நாளே போய்விடுங்கள்.

'ஒரே டிக்கெட்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தனித்தனியாக வாங்கினால் ஐயாயிரமோ பத்தாயிரமோ மிச்சமாகலாம். ஆனால் இடையில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண்.

வாசல் முதல் வாசல்வரை

இனிக் கூட்டல்தான். துபாய் வழி: சேலம் – பெங்களூரு 5, விமான நிலையத்தில் 3, துபாய்வரை 4, அங்கே காத்திருப்பு 3, நீண்ட கட்டம் 16, குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் ஒன்றரை, மகன் வீட்டுக்கு 1. மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம்.

சிங்கப்பூர் வழி: திருச்சி 3, விமான நிலையத்தில் 3, சிங்கப்பூர்வரை நாலேகால், காத்திருப்பு 4, நீண்ட கட்டம் 15, கடைசியில் அதே இரண்டரை. முப்பத்தொன்றே முக்கால். தூரம் கூடுதல், நேரம் குறைவு. ஆனால் காத்திருப்பு நாலுக்குப் பதில் ஒன்பது மணி நேரமானால் இந்த லாபம் போய்விடும். வழியைவிட இடைக்காத்திருப்புதான் மொத்தத்தை அதிகம் மாற்றுகிறது. வெளிநாட்டு விமான நிலையத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்கு வேண்டாம். ஐந்துக்கு மேல் போனாலும் உட்கார்ந்தே கால் வீங்கிவிடும். அமெரிக்காவுக்குள்ளேயே வேறு ஊரில் மாறுவதாக இருந்தால், முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றமும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம் என்றதும் ஒன்று: சேலத்து மாம்பழத்தைப் பெட்டியில் ஒளித்து வைக்காதீர்கள். பழங்கள் இருப்பதை அங்கே அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும், சொன்னாலும் பிடுங்கிக்கொள்வார்கள். வடாம், அப்பளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த மணிக்கணக்கை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். 'காலை, இரவு' என்ற கணக்கு வழியில் குழம்பிவிடும். எந்த மாத்திரையை எத்தனை மணி நேரம் கழித்துப் போடுவது, இன்சுலின் என்றால் அளவு மாறுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

கிளம்பும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். பெங்களூரில் காலை 10 மணிக்கு விமானம் என்றால் 7 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், சேலத்தில் இரவு 2 மணிக்கு வண்டி ஏற வேண்டும். அதிகாலை 4 மணிக்கு விமானம் என்றால் முந்தைய நாள் இரவு 8 மணிக்கே கிளம்புவது உத்தமம். தேதியைத் தவறவிடுவது இந்த அதிகாலை விமானங்களில்தான். '15-ஆம் தேதி 4 மணி' என்றால் 14-ஆம் தேதி இரவே வீட்டைப் பூட்ட வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. தொப்பூர் கணவாய் பெங்களூரிலிருந்து வரும்போதுதான் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்திகள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நள்ளிரவில் இறங்கும் விமானத்துக்கு, சேலத்திலிருந்து மாலையே ஓட்டிக்கொண்டு வந்து தூங்காமல் காத்திருக்கும் டிரைவரோடு மறுபடி ஐந்து மணி நேரம் வருவதைத் தவிருங்கள். டிரைவரைப் பகலிலேயே வந்து தூங்கச் சொல்லிவிடுங்கள், அல்லது விடியும்வரை விமான நிலையத்திலேயே இருந்து காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.